எஞ்சிய எரிபொருள்

2023-ஆம் ஆண்டில் பெங்களூரிலிருந்து நடத்தப்பட்ட இரண்டு காரியங்களில் ஒன்றை இத்தேசம் முழுவதும் கண்கொட்டாமல் பார்த்தது. மற்றொன்றைக் கவனித்தவர் மிகச் சிலரே. ஆகஸ்டு 23-ஆம் தேதி மாலை சந்திரயான்-3 நிலவின் தென் துருவத்தை அடுத்த பிரதேசத்தில் கால் ஊன்றியபோது பள்ளிக்கூடங்களிலும் தேநீர்க் கடைகளிலும் ஜனங்கள் கைதட்டி ஆரவாரித்தார்கள். அதற்கு ஐந்தரை மாதங்களுக்கு முன்னால், மார்ச் 7-ஆம் தேதி, இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து 2011-இல் அனுப்பிய மேகா-டிராபிக்ஸ் என்னும் முதிர்ந்த செயற்கைக்கோள், பெங்களூர்க் கட்டுப்பாட்டு நிலையத்தின் கட்டளைகளுக்குப் பணிந்து, தன்னிடம் எஞ்சியிருந்த எரிபொருளை எரித்து வேகத்தைக் குறைத்துக்கொண்டு, மனித சஞ்சாரமற்ற பசிபிக் சமுத்திரத்தின் மேலே வாயுமண்டலத்தில் புகுந்து அழிந்தது.

நிலவில் இறங்கிய பெருமையைக் குறைத்துச் சொல்வது என் எண்ணமன்று. எனினும், விண்வெளியில் மனிதன் தலைமுறை தலைமுறையாக நிலைத்துப் பணியாற்றவேண்டுமானால் அதற்கு ஆதாரமாக நிற்கப்போவது எது என்று கேட்டால், அந்தப் பசிபிக் சமுத்திரத்து முடிவைத்தான் நான் முதலில் சுட்டிக்காட்டுவேன். ஒரு கலத்தை அனுப்பும்போதே அது எப்படி ஓய்வுபெறும், எங்கே சென்று முடியும், அம்முடிவுக்கு வேண்டிய எரிபொருள் எவ்வளவு என்பனவற்றையும் அதன் அமைப்பிலேயே சேர்த்து நிர்ணயிப்பதுதான் நீடித்த விண்வெளி ஆய்வுக்கு முதற்பாடம் என்பது என் துணிபு. இப்பாடத்தைப் பெங்களூர், பாதி வறுமையினாலும் பாதி விபத்தினாலும், ஐம்பது ஆண்டுகளில் மெல்ல மெல்லக் கற்றது. அந்தக் கல்வியின் சரித்திரத்தையும், இனி கற்கவேண்டியதையும் இங்கே ஆராய முற்படுகிறேன்.

விக்ரம் சாராபாய் 1971 டிசம்பரில் காலமானபின் விண்வெளித் திட்டத்தின் தலைமையை ஏற்குமாறு அழைக்கப்பட்ட சதீஷ் தவான், தாம் இயக்குநராக இருந்த இந்திய விஞ்ஞானக் கழகத்தை விட்டுவிட இயலாதென்றும், திட்டத்தின் தலைமையகம் பெங்களூரிலேயே அமையவேண்டுமென்றும் கேட்டுக்கொண்டார், இரண்டும் ஏற்கப்பட்டன. 1972-ஆம் ஆண்டில் சோவியத் யூனியனோடு ஓர் உடன்படிக்கை ஏற்பட, யு. ஆர். ராவ் தலைமையில் இளம் விஞ்ஞானிகள், நகரத்தின் வடமேற்கே பீன்யா தொழிற்பேட்டையில் கல்நார்த் தகடு வேய்ந்த கொட்டகைகளில் அமர்ந்து ஆரியபட்டாவைக் கட்டத் தொடங்கினார்கள். 360 கிலோ எடையுள்ள அந்த முதற்கோள் 1975 ஏப்ரல் 19 அன்று சோவியத் ராக்கெட் ஒன்றின் மீதேறிச் சென்றபோது, அதன் செய்திகளைப் பெறுவதற்குப் பெங்களூரில் இடம் போதாமல் ஒரு கழிப்பறையையே தகவல் நிலையமாக மாற்றிக்கொண்டதை ராவ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். 1981-இல் சென்ற ஆப்பிள் செயற்கைக்கோளின் ஆன்டெனாவை உலோக வாகனத்தின் குறுக்கீடு இன்றிச் சோதிப்பதற்காக அதை மாட்டுவண்டியில் ஏற்றி நிறுத்திய புகைப்படத்தைப் பார்க்காதவர் இல்லை.

இவையெல்லாம் அனுப்புவதில் காட்டிய சிக்கனம். அனுப்பியதன் முடிவைப் பற்றி அந்நாளில் எந்தத் தேசமும் பெரிதாக யோசித்ததில்லை. வானம் எல்லையற்றது என்றே எல்லாரும் நினைத்திருந்தார்கள். ஆரியபட்டாவின் ஆய்வுக் கருவிகள் சில நாட்களிலேயே மின்சாரக் கோளாற்றினால் நின்றுவிட்டன. கோளோ பதினேழு ஆண்டுகள் பூமியைச் சுற்றிவிட்டு, 1992 பிப்ரவரியில் வாயுமண்டலத்தில் விழுந்து எரிந்தது. அதை இறக்கியது யாருடைய முன்யோசனையும் இல்லை. ஏறக்குறைய 600 கிலோமீட்டர் உயரத்திலும் மெல்லியதாக மிஞ்சியிருக்கும் காற்றுத்தான். காற்று செய்யும் இந்தத் துப்புரவுப் பணி உயரம் கூடக்கூடக் குறைந்துகொண்டே போகிறது. மேகா-டிராபிக்ஸ் சுற்றிய 867 கிலோமீட்டர் உயரத்தில் அதைத் தானாக விழும்படி விட்டிருந்தால் நூறாண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கும். 36,000 கிலோமீட்டர் உயரத்துப் பாதையிலோ காற்றின் உதவியை எதிர்பார்ப்பதற்கே இடமில்லை. இப்படித் தங்கிவிடும் பொருள்கள் ஒன்றோடொன்று மோதி உடைய, உடைந்தவை மேலும் மோத, ஒரு கட்டத்தில் குப்பை தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளத் தொடங்கும் என்று 1978-இலேயே டொனால்ட் கெஸ்லர் என்ற அமெரிக்க விஞ்ஞானி எச்சரித்தார். 2009 பிப்ரவரியில் அமெரிக்க இரிடியம் செயற்கைக்கோள் ஒன்றும், செயலற்ற ரஷ்யக் கோள் ஒன்றும் ஒன்றோடொன்று மோதி நொறுங்கியபோதுதான் அந்த எச்சரிக்கை உலகத்தின் காதில் ஏறியது. ஒரு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட துண்டுகளே பத்து லட்சத்துக்கு அதிகம் என்று ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் இன்று மதிப்பிடுகிறது. விநாடிக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர் வேகத்தில் வரும் கோலிக்குண்டு அளவான துண்டு ஒரு கலத்தையே கொல்லப் போதுமானது.

நமக்கு இப்பாடம் சற்று முன்னதாகவே, அதுவும் நம் கையாலேயே கிடைத்தது. 2001 அக்டோபர் 22 அன்று பி.எஸ்.எல்.வி. ராக்கெட் தன் செயற்கைக்கோள்களைச் சரியான பாதையில் சேர்த்துவிட்டது. காரியம் முடிந்ததென்று அனைவரும் எண்ணியிருந்தபோது, டிசம்பர் 19 அன்று, மேலே சுற்றிக்கொண்டிருந்த அதன் வெற்று நான்காம் அடுக்கு வெடித்து முந்நூறுக்கு மேற்பட்ட துண்டுகளாகச் சிதறியது. வெற்று அடுக்கு என்று சொன்னாலும் அதன் தொட்டிகள் முற்றிலும் வெறுமையாய் இருப்பதில்லை. திரவ எரிபொருளின் மிச்சமும் அழுத்தமூட்டிய வாயுவும் உள்ளே அடைபட்டிருக்கும். சூரிய வெப்பத்திலும் நிழற்குளிரிலும் மாறி மாறி அகப்படும் உலோகம் என்றாவது ஒருநாள் தளரும். அதற்குப்பின் பி.எஸ்.எல்.வி.யின் மேலடுக்குகளைப் பணி முடிந்தவுடன் எஞ்சியதையெல்லாம் வெளியேற்றிச் செயலடங்கச் செய்யும் முறையை இஸ்ரோ கைக்கொண்டது.

இங்கேதான் என் பொருளின் மையம் இருக்கிறது. எஞ்சிய எரிபொருள் கவனிப்பாரற்றுக் கிடந்தால் வெடிகுண்டு; அதையே கணக்குப் பார்த்து ஒதுக்கிவைத்தால், கலத்தைப் பத்திரமாக இறக்கும் கடிவாளம். பொருள் ஒன்றே, யோசனையின் இருப்பும் இன்மையுமே வேறுபாடு. பஞ்சகாலத்திலும் விதைநெல்லைக் குத்தி உண்ணாத குடியானவனின் மனோபாவத்தை நம் நாட்டுக்குப் புதிதாக யாரும் கற்பிக்கவேண்டியதில்லை. ராக்கெட் தொட்டியிலும் அந்த நெல் உண்டென்பதைக் கண்டுகொள்வதற்குத்தான் காலம் பிடித்தது.

மேகா-டிராபிக்ஸின் தொட்டியில் பணி முடிந்தபோது ஏறத்தாழ 125 கிலோ எரிபொருள் மீந்திருந்தது. கட்டுப்பாட்டோடு கடலில் இறக்குவதற்கென்று அக்கோள் வடிவமைக்கப்படவே இல்லை. ஆயினும் 2022 ஆகஸ்டு முதல் சுமார் இருபது முறை உந்திகளை இயக்கி அதன் பாதையைப் படிப்படியாகத் தாழ்த்தி, குறித்த நாளில் குறித்த கடற்பரப்பின் மேல் வீழச் செய்தார்கள். 2007-இல் ஏவப்பட்ட கார்ட்டோசாட்-2 தன்னிடம் மிஞ்சிய 26 கிலோவைக்கொண்டு 2020-க்குள் தன் பாதையின் தாழ்முனையை 380 கிலோமீட்டருக்கு இறக்கிக்கொண்டது. முப்பது ஆண்டுகள் குப்பையாய்ச் சுற்றியிருக்கவேண்டியது, 2024 பிப்ரவரி 14 அன்றே இந்து மகாசமுத்திரத்தின் மேல் முடிந்துபோயிற்று.

இதைவிட நுட்பமான யோசனை, குப்பையாக வேண்டியதையே ஆய்வுக்கூடமாக மாற்றிக்கொண்டது. பணி முடிந்த நான்காம் அடுக்கின் மீது சூரியத் தகடுகளையும் வழிகாட்டும் கருவிகளையும் பொருத்தி, அதைச் சில வாரங்களோ மாதங்களோ பரிசோதனை மேடையாகப் பயன்படுத்தும் போயம் என்னும் ஏற்பாடு 2022 ஜூன் 30 அன்று தொடங்கியது. தனியாக ஒரு செயற்கைக்கோள் செய்து ஏவ வசதியில்லாத கல்லூரிகளும் சிறு நிறுவனங்களும் தங்கள் கருவிகளை அதன்மேல் ஏற்றியனுப்ப முடிந்தது. பெங்களூரின் பெல்லாட்ரிக்ஸ் நிறுவனம் நச்சுக் குறைந்த எரிபொருளில் இயங்கும் தன் சிறு உந்தியை அங்கேதான் பரிசோதித்தது. 2024 ஜனவரி முதல் தேதி சென்ற அடுக்கை 650 கிலோமீட்டரிலிருந்து 350-க்கு முதலில் இறக்கி, அதன்பிறகே அதில் பரிசோதனைகளை நடத்தினார்கள். மார்ச் 21 அன்று அது பசிபிக் பகுதியில் எரிந்து மறைந்தது. அவ்வாண்டின் இறுதியில் சென்ற மற்றோர் அடுக்கில், சிறு பெட்டிக்குள் வைத்த தட்டைப்பயறு விதைகள் நான்கே நாட்களில் முளைவிட்டன. வீட்டுக் கொல்லையில் ஈரத்துணியில் முடிந்துவைத்தாலும் முளைக்கும் எளிய பயறுதான். ஆனாலும் எறியப்படவேண்டிய ஓர் உலோகக் கூட்டின்மேல் உயிர் துளிர்த்தது என்பதை எண்ணும்போது என் மனம் நெகிழ்கிறது.

சிக்கனம் என்று சொன்னவுடன் எல்லாரும் மங்கள்யானைத்தான் நினைப்பார்கள். 450 கோடி ரூபாயில் செவ்வாயை அடைந்த அக்கலத்தின் எடை 1,337 கிலோ; அதில் 852 கிலோ எரிபொருள். பெரிய ராக்கெட் தயாராக இல்லாததால் பி.எஸ்.எல்.வி.யிலேயே 2013 நவம்பர் 5 அன்று அதை அனுப்பி, பூமியைச் சுற்றிச் சுற்றி வரச் செய்து, ஒவ்வொரு முறையும் பூமிக்கு மிக அருகில் வரும் நேரத்தில் இயந்திரத்தை இயக்கி, வேகத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, டிசம்பர் முதல் தேதி செவ்வாயை நோக்கித் திருப்பிவிட்ட உபாயம், பலவீனத்தையே பலமாக்கிக்கொண்டதற்கு உயர்ந்த உதாரணம். ஆறு மாதம் என்று அனுப்பப்பட்டது ஏழரை ஆண்டு உழைத்தது. ஆனால் 2022 ஏப்ரலில் நீண்ட கிரகண நிழலில் அகப்பட்டு அதன் தொடர்பு அற்றபோது எரிபொருளும் தீர்ந்திருக்கவேண்டும் என்று இஸ்ரோ முடிவுசெய்தது. கடைசித் துளிவரை விஞ்ஞானத்துக்காகச் செலவிட்ட அந்தக் கலத்தை யார்தான் குறைசொல்லத் துணிவர்? செவ்வாயில் இன்று நெரிசலும் இல்லை. எனினும், இதே சிக்கனத்தை நெரிசல் மிகுந்த இடங்களுக்கும் விதியாக்கிவிடக்கூடாது. முழுவதையும் செலவழிப்பது ஒரு சிக்கனம், முடிவுக்கென்று மீத்துவைப்பது வேறொரு சிக்கனம். பின்னதே இனி வேண்டப்படுவது.

நெரிசல் பூமியைச் சுற்றி மட்டுமே என்று நினைப்பவர் நிலவைச் சற்று அண்ணாந்து பார்க்கவேண்டும். 2008 அக்டோபர் 22 அன்று சென்ற சந்திரயான்-1, நிலவில் நீரின் தடயத்தைக் காட்டிக்கொடுத்துப் புகழ் சேர்த்தது. ஆயினும் இரண்டாண்டுப் பணிக்கென்று சென்ற அக்கலம் வெப்ப மிகுதியால் கருவிகள் பழுதுபட்டு, 312 நாட்களில், 2009 ஆகஸ்டு 29 அன்று, பேச்சை நிறுத்திவிட்டது. நிலவில் இழுத்து இறக்கக் காற்றில்லை. ஒன்றரை மீட்டர்க் கனசதுரம் போன்ற அந்த மௌனப் பெட்டியை அமெரிக்க விஞ்ஞானிகள் ராட்சத ரேடார் கொண்டு துழாவிக் கண்டுபிடித்து 2017-இல் அறிவித்தபோது, அது நிலவுக்கு மேல் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் உயரத்தில் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அதன்பின், 2021 அக்டோபரில், சந்திரயான்-2 சுற்றுகலமும் அமெரிக்காவின் எல்.ஆர்.ஓ. கலமும் நிலவின் வடதுருவத்தின் அருகே அபாயகரமாக நெருங்கும் என்று இரு நாட்டாரும் கணித்தார்கள். 20-ஆம் தேதி நேரவிருந்த அந்தச் சந்திப்பைத் தவிர்க்க 18-ஆம் தேதி இரவே நம் கலத்தின் பாதை மாற்றப்பட்டது. ஐந்தாறு கலங்கள் சுற்றும் நிலவிலேயே இந்த நிலையென்றால், நாளை ஐம்பது சுற்றும்போது என்னாகும்?

அதே சந்திரயான்-2 சுற்றுகலம் மற்றொரு பாடத்துக்கும் ஆசானாயிற்று. 2019-இல் ராக்கெட் அதைக் குறிதவறாமல் சேர்த்ததால் எரிபொருள் மிச்சப்பட்டு, ஓராண்டு என்றிருந்த அதன் ஆயுள் ஏழாண்டு என்று மதிப்பிடப்பட்டது. அதன் இறங்குகலம் செப்டம்பர் 7 அதிகாலையில் நிலவில் மோதி நொறுங்கிய துயரத்தில் நாடு மூழ்கியிருந்தபோது, மேலே நலமாய்ச் சுற்றிக்கொண்டிருந்த கலத்தை எண்ணிப் பார்த்தவர் குறைவு. நான்காண்டுகள் கழித்துச் சந்திரயான்-3 சென்றபோது அதனோடு புதிய சுற்றுகலம் அனுப்பப்படவில்லை. பழையதே செய்தி கடத்தும் தோழனாக நின்று வரவேற்றது. முன் சென்றது பின்வருவதைத் தாங்கும் இந்த ஏற்பாட்டைத்தான் எதிர்கால ஆய்வின் அமைப்பிலக்கணம் என்று நான் கொள்கிறேன். ஒவ்வொரு பயணமும் தனக்கு வேண்டிய யாவற்றையும் தானே சுமந்துசென்று தன்னோடு தொலைத்துவிடும் முறை செல்வந்தத் தேசங்களுக்கும் நெடுநாள் கட்டுபடியாகாது.

விழுப்புரத்திலிருந்து சென்ற ப. வீரமுத்துவேல் இயக்கிய சந்திரயான்-3 திட்டத்தில் மீந்த எரிபொருள் இரண்டு முறை பேசியது. செப்டம்பர் 3 அன்று, நிலவில் நின்றிருந்த விக்ரம் என்னும் இறங்குகலம் தன் இயந்திரங்களை மீண்டும் இயக்கி ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் எழும்பிச் சற்றுத் தள்ளி மறுபடி இறங்கியது. ஒரு முழ உயரம்தான், ஆனால் நிலவிலிருந்து புறப்பட்டுத் திரும்பும் நம் பயணங்களுக்கெல்லாம் அதுவே முதலடி. விக்ரமைச் சுமந்துசென்ற உந்துகலமோ நிலவைச் சுற்றிக்கொண்டே இருந்துவிடும் என்பதுதான் ஆதியில் திட்டம். அதனிடம் 100 கிலோவுக்கு மேல் மீந்திருக்கக் கண்டு, அக்டோபர் 13 அன்று அதை நிலவிலிருந்து கிளப்பிப் பூமியைச் சுற்றும் ஒரு நெடும்பாதைக்குக் கொண்டுவந்தார்கள். அப்பாதையைத் தேர்ந்தபோது, கலம் நிலவின்மேல் போய் விழுந்துவிடக்கூடாது, 36,000 கிலோமீட்டர் வட்டத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் நடுவிலும் புகுந்துவிடக்கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளையும் அவர்களே விதித்துக்கொண்டார்கள். முதற்பயணத்தில் அது பூமியை நெருங்கிய தூரம் 1,54,000 கிலோமீட்டர். கேட்பாரில்லாத இடத்திலும் தனக்குத்தானே விதித்துக்கொள்ளும் இந்த ஒழுங்கே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நிலவின் மண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. விக்ரம் இறங்கியபோது அதன் இயந்திரங்களின் மூச்சு 108 சதுர மீட்டர்ப் பரப்பில் இரண்டு டன்னுக்கு மேற்பட்ட மண்ணைக் கிளறி எறிந்தது. ஒற்றைக் கலம் என்பதால் பாதகமில்லை. அருகே மற்றொரு தேசத்தின் தொலைநோக்கியோ வாழ்விடமோ இருந்தால் கூர்மையான அத்தூசி அதைச் சேதப்படுத்தும். ஆகவே இறங்குமேடை வேண்டும். மேடைக்குச் செங்கல் வேண்டும். அதைப் பூமியிலிருந்து சுமப்பது அறிவுடைமையாகாது. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பகுதிப் பாறைகள் நிலவின் மேட்டுநிலப் பாறைகளை ஒத்திருப்பதால், அவற்றை அரைத்த பொடியைப் பரப்பியே பெங்களூரில் சந்திரயான் ஊர்திகளை ஓட்டிப் பார்த்தார்கள். இந்திய விஞ்ஞானக் கழகத்தாரும் இஸ்ரோவினரும் நிலவு மண்ணைப் போன்ற பொடியில், சிறுநீரில் உள்ள யூரியாவையும் ஒருவகை பாக்டீரியாவையும் கொத்தவரைப் பிசினையும் சேர்த்து, சூளையில் வேகவைக்காத கற்களை 2020-இல் உருவாக்கிக் காட்டினார்கள். சேர்ந்த இடத்தில் கிடைப்பதைக்கொண்டு வீடு கட்டும் கிராமத்து ஞானம் நிலவுக்கும் பொருந்தும்போலும்.

இனி வரப்போகும் பெரிய திட்டங்களின் பட்டியல் பத்திரிகைகளில் நாள்தோறும் வருகிறது, விரிக்கவேண்டியதில்லை. 2025 ஜனவரி 16 அன்று தலா 220 கிலோ எடையுள்ள இரு சிறு கலங்கள் வானத்தில் கைகோத்தன. அமெரிக்கா, ரஷ்யா, சீனாவுக்கு அடுத்து அந்த வித்தை நமக்குக் கைவந்தது. இரண்டு ராக்கெட்டுகளில் தனித்தனியே சென்று மேலே இணைந்து, நிலவின் மண்ணைக் கொண்டுவரும் சந்திரயான்-4 அதன்மேல்தான் நிற்கிறது. 2035-க்குள் அமைக்க உத்தேசித்துள்ள பாரத விண்வெளி நிலையமும் அப்படியே. சித்ரதுர்கா மாவட்டத்துச் செல்லக்கெரேயில் 2023, 2024-ஆம் ஆண்டுகளில் மூன்று முறை தானாகவே ஓடுபாதையில் இறங்கிய புஷ்பக் என்னும் சிறகுக்கலமும், முதலடுக்கு திரும்பிவந்து மறுபடி பயன்படும்படி திட்டமிடப்பட்டுள்ள புதிய ராக்கெட்டும், இலங்கையைச் சுற்றி வளைந்து எரிபொருளை வீணாக்காமல் நேரே தெற்கே ஏவ உதவும் குலசேகரன்பட்டினத்து ஏவுதளமும் நல்ல செய்திகளே. ஆனால் சந்திரயான்-4 ஐந்து பகுதிகளைக் கொண்டது. மண்ணோடு பூமிக்குத் திரும்புவது அவற்றில் ஒன்றுதான். மற்றவை நான்கும் எங்கே, எவ்வாறு முடியும் என்பதைத் திட்டத்தின் செலவோடும் பயனோடும் சேர்த்துப் பொதுஜனங்களுக்குச் சொல்லும் வழக்கம் நம்மிடையே வரவேண்டும்.

ஆரியபட்டா பிறந்த அதே பீன்யாவில், 2022 ஜூலை 11 முதல், விண்வெளியில் பாதுகாப்பான, நீடித்த செயற்பாட்டைக் கண்காணிக்கும் நிலையம் ஒன்று இயங்குகிறது. நம் கலங்களின் வழியில் வேறெதுவும் குறுக்கிடுகிறதா என்று இரவும் பகலும் கணிப்பதே அங்குள்ளோரின் தொழில். 2023-இல் மட்டும் 23 முறை நம் செயற்கைக்கோள்களை அவர்கள் விலக்கி நடத்தவேண்டியிருந்தது. சந்திரயான்-3 புறப்பட்டதே, மேலே குறுக்கே வரக்கூடிய பொருள்களைத் தவிர்ப்பதற்காக நான்கு விநாடி தாமதித்துத்தான். இவ்வளவு பொறுப்பு உணர்ந்த நாடே 2019 மார்ச் 27 அன்று தன் செயற்கைக்கோளைத் தானே ஏவுகணையால் தகர்த்துப் பரிசோதித்தது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். துண்டுகள் விரைவில் விழுந்துவிடும்படி தாழ்ந்த உயரத்தில் செய்யப்பட்டதென்பது உண்மையே. எனினும் சில துண்டுகள் உயரே எறியப்பட்டுப் பல மாதங்கள் சுற்றின. அத்தகைய பரிசோதனை மறுபடி வேண்டாமென்று இந்தியா பகிரங்கமாகப் பிரகடனம் செய்தால் அதன் கௌரவம் குறையாது, உயரும்.

2024 ஏப்ரலில் உலக நாடுகளின் விண்வெளிக் குப்பைக் கட்டுப்பாட்டுக் குழு பெங்களூரில் கூடியபோது, 2030-க்குள் அரசாங்கமும் தனியாரும் அனுப்பும் இந்தியக் கலங்கள் யாவும் குப்பை விடாதவையாக இருக்கும் என்று இஸ்ரோ உறுதிகூறியது. அரசாங்க நிலையங்கள் அதைக் காப்பாற்றும் என்று நம்பலாம். பெங்களூரிலும் சென்னையிலும் ஹைதராபாத்திலும் பெருகிவரும் தனியார் நிறுவனங்களுக்கோ ஒவ்வொரு கிலோ எரிபொருளும் பணம். முடிவுக்கென்று மீத்துவைப்பது அவர்களுடைய கணக்கில் நஷ்டம். இன்ஸ்பேஸ் அமைப்பு அனுமதி வழங்குகிறது, வழிகாட்டு நெறிகளும் வகுக்கப்பட்டுள்ளன. ஆனால் நகலாக 2017-இல் வெளியிடப்பட்ட விண்வெளிச் செயற்பாட்டு மசோதா இன்னும் சட்டமாகவில்லை. அது சட்டமாகும்போது, தன் முடிவுக்கு வேண்டிய எரிபொருளையோ வேறு சாதனத்தையோ கணக்கோடு காட்டாத எந்தக் கலமும் இந்திய மண்ணிலிருந்து ஏவப்படக்கூடாது என்ற ஒரு விதியை அதில் அவசியம் சேர்க்கவேண்டும். அவ்விதியை எழுதுவதற்கு வேண்டிய கணக்குகள், 125 கிலோவும் 26 கிலோவுமாக, பெங்களூரில் ஏற்கெனவே போட்டுப் பார்க்கப்பட்டிருக்கின்றன. பாராளுமன்றம் அவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.